ஐந்து வயது என்று எழுதினேன்

பள்ளிக்கூட வேலை என்றால் மே மாதம் முழுக்க லீவு என்று எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கல்வராயன் மலையில் வேலை பார்த்த பத்து வருடங்களும் அந்த மாதத்தை நான் நடந்தே கழித்தேன். வீடு வீடாகப் போய், ஐந்து வயது நிறைந்த பிள்ளைகளைக் கண்டுபிடித்துப் பட்டியல் எழுத வேண்டும். ஜூலை முடிவதற்குள் ஐந்து நிறைகிற பிள்ளை ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. ஐந்து நிறையாத பிள்ளையைச் சேர்க்கவும் கூடாது. சுற்றறிக்கையில் இது இரண்டு வரிதான்.

வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு கிலோமீட்டர் ஏறினால் என் பள்ளி. ஓடு போட்ட ஒரே அறை. தலைமையாசிரியரும் நான்தான், ஐந்து வகுப்புக்கும் ஆசிரியையும் நான்தான். ஊரில் எவருக்கும் பிள்ளையின் பிறந்த தேதி தெரியாது. கேட்டால், "சாமை அறுத்துக்கினு இருந்தோம், அப்போ பொறந்தான்" என்பார்கள். "பெரிய மழையில பாலம் அடிச்சிக்கினு போச்சே, அதுக்கு மறு வருசம்" என்பார்கள். அவர்கள் சொல்வதை வைத்துக் கணக்குப் போட்டு நான் ஒரு தேதி எழுதுவேன். பெரும்பாலும் மே மாதத்தில் ஒரு தேதி. அப்படி எழுதினால் ஜூனில் ஐந்து நிறைந்துவிடும், மேலே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் அந்த ஊரில் பிள்ளைகள் வெயில் காலத்தில் மட்டும்தான் பிறந்திருப்பார்கள்.

எனக்கும் ஒரு பெண் குழந்தை. ஐப்பசி மழையில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தவள். பிறந்த தேதி, நேரம், எடை எல்லாம் காகிதத்தில் இருந்தது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும்போது அவள் அப்பாவின் தையல் கடையில், மெஷினுக்குக் கீழே, வெட்டுத்துணிக் குவியல் மேல் உட்கார்ந்திருப்பாள். நடுவில் நான்கு நாள் நான் வெள்ளிமலையில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். அந்த நான்கு நாளும் அவள் என்னைக் கேட்டு அழுதாளா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

மகளுக்கு நாலரை வயது முடிந்து ஒரு மாதம் ஆன ஜூன் அது. பள்ளி திறந்து மூன்றாம் நாள். ஒரு பெண் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவளை எனக்குத் தெரியும். முந்தின வருடம் அவள் புருஷன் கடுக்காய் பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இறந்துபோயிருந்தான். மூத்த பெண் என்னிடம் இரண்டாம் வகுப்பு. இளையதைத் துக்கத்துக்குப் போனபோது பார்த்திருக்கிறேன்.

"நாளைக்கி எஸ்டேட்டுக்குப் போறேன் டீச்சர்" என்றாள். காப்பித் தோட்டத்தில் களை வெட்டுகிற வேலை. கர்நாடகப் பக்கம். ஏஜெண்ட் வந்து ஆள் சேர்த்துக்கொண்டு போவான். போனால் பொங்கலுக்குத்தான் திரும்புவார்கள்.

"புள்ளைங்க?"

"எந் தங்கச்சி வூட்ல வுட்டுட்டுப் போறேன். அவ காலையில காட்டுக்குப் போனா பொழுது சாயத்தான் வருவா. பெரியவ இஸ்கூலுக்கு வந்துடுவா. சின்னதுதான் தனியா கெடக்கணும். ஓடையாண்ட போயிடுது டீச்சர், சொன்னா கேக்கறதில்ல." கொஞ்சம் நிறுத்தி, "இதும் பேரையும் எழுதிக்கோங்க" என்றாள்.

"வயசு இன்னா ஆவுது?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "நாலு முடிஞ்சிடுச்சி. தை வந்தா அஞ்சு."

என் மகளைவிட மூன்று மாதம் சின்னவள். சேர்க்க முடியாது என்று சொன்னேன். அடுத்த வருடம் முதல் ஆளாக எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவள் போகவில்லை. வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னது என் மேஜைக்குக் கிட்ட வந்து, மேஜை மேல் இருந்த சாக்பீஸ் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றது. மூக்கு ஒழுகியிருந்தது. தலை எண்ணெய் பார்த்துப் பல நாளாகியிருந்தது.

"மதியானம் ஒரு வாய் சோறு துன்னுட்டு அக்கா கூட குந்திக்கினு இருக்கும் டீச்சர். ஒரு வருசம்தான இன்னா" என்றாள் அம்மாக்காரி.

பேர் எழுதாமல் சும்மா உட்கார வைத்துக்கொள்ளலாமே என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். பதிவேட்டில் எத்தனை தலையோ அத்தனை தலைக்குத்தான் அரிசி அளந்து போடுவார்கள். சத்துணவு சமைக்கிற அம்மா நல்லவள்தான், ஆனால் சோதனைக்கு வருகிறவர்களுக்குப் பயந்தவள். இன்னொன்றும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அந்த வருடம் என் பள்ளியில் ஆள் குறைந்திருந்தது. எஸ்டேட்டுக்குப் போன குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். இப்படியே போனால் பள்ளியை மூடிவிட்டு என்னை இன்னும் உள்ளே, பஸ்ஸே போகாத ஊருக்கு மாற்றுவார்கள் என்று பேச்சு இருந்தது. அங்கே போய்விட்டால் வெள்ளிக்கிழமைகூட வீட்டுக்கு வர முடியாது. ஒரு பேர் கூடினால் எனக்கும் நல்லதுதான். பசித்த குழந்தைக்காகத்தான் எழுதினேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான்.

அப்போதெல்லாம் வயது தெரியாத பிள்ளையைத் தலைக்கு மேல் கையை வளைத்து எதிர்ப்பக்கத்துக் காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து. அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன். விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. நான் அதன் தலையைப் பிடித்துக் கொஞ்சம் சாய்த்தேன். தொட்டுவிட்டது.

பதிவேட்டைத் திறந்து, அது பிறந்ததற்கு முந்தின வருடத்து மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டேன். தையில் பிறந்தவளை எட்டு மாதம் முன்னால் பிறக்க வைத்தேன். அம்மாக்காரி கட்டைவிரல் வைத்தாள். மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்தவள், குழந்தையிடம் எதுவும் சொல்லாமல் வேகமாக இறங்கிப் போனாள். சொன்னால் அழும் என்று பயந்திருப்பாள். திங்கட்கிழமை காலையில் நானும் அப்படித்தான் போவேன்.

மூன்று வாரம் அந்தக் குழந்தை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் வகுப்பு வரிசையில் உட்கார்ந்திருக்கும். பத்து மணிக்கே தூங்கிவிடும். மணி அடித்தால் திடுக்கிட்டு எழுந்து தட்டைத் தேடும். இரண்டு தடவை உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா எழுந்து போய் வெளியிலிருந்து மண்ணை அள்ளி வந்து போட்டுக் கூட்டினாள். ஏழு வயதுப் பெண். எனக்கு அன்றைக்கு மிகவும் அலுப்பாக இருந்தது. ஐந்து வகுப்பையும் கத்தி அடக்கித் தொண்டை கட்டியிருந்தது. நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

அது முதலில் பேசியது என்னிடம்தான். சிலேட்டில் 'ட' எழுதச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்து நீட்டி, "யம்மா" என்றது. உடனே தப்பாகக் கூப்பிட்டுவிட்டோம் என்று புரிந்து அக்காவிடம் ஓடிவிட்டது.

ஆடி மாதம் உதவிக் கல்வி அதிகாரி பார்வைக்கு வருவதாகத் தகவல் வந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பேர், வயது, அப்பா பேர் கேட்பார். நான் அந்தக் குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"உனக்கு வயசு இன்னான்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"நாலு."

"நாலு இல்ல. அஞ்சு. சொல்லு."

"எங்கம்மா நாலுன்னு சொல்லுச்சி."

"அம்மா ஊர்ல இல்ல இல்ல? உனக்கு இப்ப அஞ்சு ஆயிடுச்சி."

அம்மா இல்லாதபோது வயது கூடிவிடும் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ. "அஞ்சு" என்றது. பத்துத் தடவை சொல்ல வைத்தேன். ஒரு பொட்டுக்கடலை உருண்டை கொடுத்தேன். அதிகாரி வந்த அன்றைக்கு அவர் வேறு பிள்ளையைத்தான் கேட்டார். இதுவாகவே எழுந்து நின்று, "எனக்கு அஞ்சு வயசு சார்" என்றது. அவர் சிரித்துத் தலையைத் தடவிவிட்டுப் போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஜூனில் என் மகளைக் கள்ளக்குறிச்சியில் முதல் வகுப்பில் சேர்த்தோம். அவள் அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். பள்ளி திறக்கிற நாளில் நான் என் பள்ளியைத் திறக்க வேண்டும், லீவு போட முடியாது. பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, ஐந்து முடிந்து ஏழு மாதம் ஆகிவிட்டது, சரியான வயதுதான் என்று சொல்லி எழுதிக்கொண்டார்களாம். மலையில் அந்தக் குழந்தை அதற்குள் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டிருந்தது. மூன்று மாதம் சின்னவள், ஒரு வகுப்பு மேலே.

அது வெகு நாள் நிற்கவில்லை. மூன்றாம் வகுப்பில் அம்மாக்காரி இரண்டு பேரையும் எஸ்டேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வருடம் போனது. திரும்பி வந்தபோது மூத்தவள் பள்ளிக்கு வரவில்லை. சின்னவள் மட்டும் வந்தாள். மறந்துபோன எழுத்தையெல்லாம் மறுபடி எழுத வைத்தேன். கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். பிடித்ததை விடாத பெண். கணக்கு வராது. வராத கணக்கை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டு, மணி அடித்த பிறகும் உட்கார்ந்திருப்பாள். ஐந்தாம் வகுப்பு முடித்து வெள்ளிமலையில் அரசு உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போனாள். அதற்கு மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தது நான்தான். பதிவேட்டில் இருந்த தேதியைப் பார்த்து, எண்ணாலும் எழுத்தாலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது அந்த எட்டு மாதம் எனக்கு ஞாபகம்கூட வரவில்லை.

அதன் பிறகு எனக்கு மாற்றல் கிடைத்தது. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். வந்து பார்த்தபோது மகள் வளர்ந்துவிட்டிருந்தாள். நான் தலை வாரிவிட்டால் வலிக்கிறது என்று சொல்லி அப்பாவிடம் போய் உட்காருவாள். அதெல்லாம் சரியாக இரண்டு மூன்று வருடங்கள் ஆனது.

மலைப் பெண்ணின் செய்தி எப்போதாவது காதில் விழும். பத்தாம் வகுப்பில் கணக்கில் போய்விட்டாள், வீட்டில் இருந்து மறுபடி எழுதினாள், தேறிவிட்டாள், மேலே படிக்கிறாள் என்று யாராவது சொல்வார்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அதோடு மறந்துவிடுவேன்.

ஒரு ஆவணி மாதம் மலை ஒன்றியத்து அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஒரு மாணவியின் வயது சம்பந்தமாக விசாரணை, நேரில் வர வேண்டும் என்று மட்டும் இருந்தது. பஸ்ஸில் மலை ஏறும்போது யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன். அத்தனை பேருக்கு மே மாதம் எழுதியிருக்கிறேனே.

அறைக்குள் சமூகநல அலுவலர், சின்ன வயதுப் பெண்மணி, மேஜைக்குப் பின்னால் இருந்தார். எதிரில் பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பள்ளி யூனிஃபார்ம், தாவணி. அவளுடைய அம்மா சுவர் ஓரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்பு வாசல் படியில் உட்கார்ந்த பெண்ணா இது என்று இருந்தது. பல் போய், கன்னம் ஒட்டி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள் மாதிரி ஆகியிருந்தாள்.

விஷயம் இதுதான். பெண்ணுக்கு மலையடிவாரத்தில் மாப்பிள்ளை பார்த்து, அந்த வாரமே கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண் பன்னிரண்டாம் வகுப்பு. ஆறு மாதத்தில் பரீட்சை. எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை என்று அவளே ஹாஸ்டல் வார்டனிடம் சொல்லி, வார்டன் மூலமாகப் புகார் போயிருந்தது.

"பொண்ணு தை மாசம்தான் பதினெட்டு முடியுதுன்னு சொல்லுது" என்றார் அலுவலர். "சர்டிபிகேட்ல மே மாசமே முடிஞ்சிடுச்சி. நீங்க எழுதனதுதானே இது?"

நீட்டினார். என் கையெழுத்துதான். இத்தனை வருடத்தில் மை கொஞ்சம் பழுத்திருந்தது.

"ஆமாங்க மேடம்."

பெண் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். அதை நான் பின்னால்தான் கேள்விப்பட்டேன். எங்க டீச்சர் வந்தால் சொல்லுவாங்க, அவங்கதான் அஞ்சு வயசுன்னு சொல்லச் சொன்னாங்க என்று அவள் அலுவலரிடம் சொல்லியிருக்கிறாள். அலுவலர் அதை என்னிடம் சொல்லவில்லை. என்ன சொல்கிறேன் என்று பார்த்திருப்பார்.

"பொறந்த தேதி எதை வெச்சி எழுதினீங்க?"

என் மகளுக்கு ஐப்பசியில்தான் பதினெட்டு. அந்த வருடம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள், பதினெட்டு ஆகட்டும், லைசென்ஸ் எடுத்துக்கொண்டு ஓட்டு என்று அவள் அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். அவளைவிட மூன்று மாதம் சின்னவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் எனக்கு? வாயைத் திறந்து, நான்தான் மாற்றி எழுதினேன் என்று சொன்னால் போதும். சொன்னால் பதிவேட்டில் பொய்த் தேதி எழுதியதற்கு விளக்கம் கேட்பார்கள். ஒரு பதிவு பொய்யென்றால் எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பார்கள். சஸ்பெண்டு ஆகலாம். அவருடைய தையல் கடையில் ரெடிமேடு வந்த பிறகு வேலை குறைந்துவிட்டிருந்தது. வீடு என் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவும் ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. காரணங்களை எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டேன்.

"அவங்க அம்மா சொன்னதை வெச்சி எழுதினேன் மேடம்" என்றேன்.

அலுவலர் திரும்பிச் சுவர் ஓரம் பார்த்தார். "ஏம்மா, நீதான் சொன்னியா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள். "டீச்சர் எழுதனது சரியாத்தான் இருக்கும்."

"இல்ல மேடம்" என்றாள் பெண். "இவங்களுக்குத் தெரியும். எங்கம்மாவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

அலுவலர் பேனாவை மூடி வைத்தார். அவருக்கும் அலுப்புதான். அன்றைக்கே இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது என்று பேச்சில் தெரிந்தது. "வேற ஆதாரம் ஏதாவது இருக்குதாம்மா? ஆஸ்பத்திரி சீட்டு, எதாவது?" என்று கேட்டார். வீட்டில் பிறந்த பிள்ளைக்கு என்ன சீட்டு இருக்கும்? டாக்டரிடம் அனுப்பி எலும்பைப் பார்த்து வயது சொல்லச் சொல்லலாம், அதிலும் ஒரு வருடம் முன்னே பின்னே இருக்கும், சான்றிதழ் இருக்கும்போது அது நிற்காது என்றார். பிறகு பெண்ணின் அம்மாவிடம், பரீட்சை வரைக்கும் பொறுத்தால் என்ன என்று கேட்டார். உத்தரவாக இல்லை, கேள்வியாகத்தான்.

"பெரியவ எஸ்டேட்ல ஒருத்தன் கூடப் போயிட்டாங்க" என்றாள் அம்மா. "இருக்கறாளா செத்தாளான்னு தெரியல. எனக்கு ஒடம்புக்கு முடியல. நான் போயிட்டா இவளுக்கு யாரு இருக்கறாங்க? நல்ல எடம். வுட்டா மறுபடி வராது."

இதில் அவள் பொய் சொல்லவில்லை. பிள்ளையைச் சேர்க்க வந்த நாளிலும் எனக்கு உண்மையைத்தான் சொன்னாள்.

வெளியில் வந்தபோது பெண் என் பக்கத்தில் நடந்தாள். ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பஸ் வந்தது, நான் ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அம்மாவுக்கு முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். எதுக்குக் கூப்பிட்டாங்க என்று அவர் கேட்டார். ஒரு டி.சி. விஷயம், சரிபார்த்தார்கள் என்றேன்.

கல்யாணம் நடந்தது. பரீட்சை அவள் எழுதவில்லை. அடுத்த வருடம் ஒரு ஆண் பிள்ளை, இரண்டு வருடம் கழித்து ஒரு பெண் என்று கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை கெட்டவன் இல்லை என்றார்கள். கரும்பு வெட்டப் போவான், குடிப்பதில்லை என்றார்கள். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

அந்த வருடத்திலிருந்து பதிவேட்டில் நான் தேதியை மாற்றி எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஒரு மாதம் குறைந்தாலும் திருப்பி அனுப்பினேன். ஒரு அம்மா மூன்று நாள் தொடர்ந்து வந்து கெஞ்சினாள். செங்கல் சூளைக்குப் போகிறவள். ஜூலைக் கெடுவுக்குள் ஐந்து நிறைய அவள் பிள்ளைக்கு ஒன்றரை மாதம் குறைந்தது. சேர்க்கவில்லை. அந்தப் பிள்ளையைச் சூளைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வருடம் அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை. அதுவும் என் கணக்கில்தான் சேரும். எப்படி எழுதினாலும் எங்கேயோ ஒன்று விட்டுப்போகிறது என்று அலுத்துக்கொண்டே மிச்ச சர்வீஸை முடித்தேன்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆனபோது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அந்த மலைப் பெண்ணைப் பார்த்தேன். அவள்தான் என்னைப் பார்த்தாள். "டீச்சர்" என்ற குரல் கேட்டுத் திரும்பினேன். கையில் ஒரு கட்டைப்பை, கூட அவள் பெண். அந்தப் பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும். என்னிடம் படித்தவளே பேசினாள். அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிறாளாம். பன்னிரண்டாம் வகுப்பைத் தனியாகக் கட்டி எழுதினாளாம். முதல் தடவை இரண்டு பாடம் போச்சாம், மறு தடவை எல்லாம் தேறிவிட்டதாம். அம்மா இறந்து நாலு வருடம். அக்கா எங்கேயோ ஹாசன் பக்கம் உயிரோடு இருக்கிறாள், ஒரு முறை போன் பண்ணினாள்.

அவள் போக வேண்டிய கச்சிராயபாளையம் பஸ் வர நேரம் இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். குழந்தைக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். அதைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது.

"அன்னைக்கி ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிற மாதிரி இருந்தது.

"பயம்" என்றேன். "வேலை போயிடும்னு பயம்."

அவள் தலையாட்டினாள். "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். ஆனா, நீங்க வந்தா சொல்லிடுவீங்கன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். வார்டன் கிட்டகூட சொன்னேன்."

வீட்டில் கட்டிலில் படுத்தபடி இதற்கு எத்தனையோ பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். எல்லாம் என்னைப் பற்றியதாகவே இருந்தது. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னேன். இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன், எழுதிக் கொடுக்கிறேன், நான்தான் தவறாகப் பதிவு செய்தேன் என்று, பிறந்த தேதியை மாற்ற அதை வைத்து மனு போடலாம் என்றேன். மனதுக்குள் அதை எழுதியும் வைத்திருந்தேன்.

அவள் சிரித்தாள். அலுத்துப்போன சிரிப்புதான்.

"ஆதார்ல அதுதான் இருக்குது. ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு, பேங்க் புக்கு எல்லாத்துலயும் அதுதான். வேலையில சேந்தப்பவும் அந்தத் தேதியத்தான் குடுத்தேன். எம் புள்ளைங்ககூட மே மாசம்தான் பர்த்டேன்னு கேக்கு வாங்கிக்கினு வருதுங்க. தை மாசத்த யாருகிட்டப் போய்ச் சொல்றது? வேணாம் டீச்சர், வுடுங்க."

"உனக்குத் தெரியும் இல்ல" என்றேன்.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிது. போயிட்டா. இப்ப உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதும்."

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. அவள் பெண்ணை முன்னால் தள்ளி ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். இடம் கிடைத்ததா என்று தெரியவில்லை. பஸ் கிளம்பும் வரை நின்று பார்த்தேன், உள்ளே கூட்டத்தில் அவள் முகம் தெரியவில்லை. வெயில் ஏறிவிட்டிருந்தது. அவருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவள் நான். மருந்துக் கடைக்கு நடந்தேன், அங்கேயும் கூட்டமாக இருந்தது, எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் வாங்கி முடிக்கும் வரை காத்திருந்தேன்.